பொதுத் தரவு வடிவத்துக்கு நிரல்மொழியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எந்த நிரல்மொழியிலிருந்தும் படிக்கவும் எழுதவும் வேண்டிய ஒரு தரவு வடிவத்தை உருவாக்குகிறீர்கள். விவரக்குறிப்பு (வடிவத்தின் விதிகளைச் சொல்லும் ஆவணம்) ஓரளவு தயார். அதற்கான முதல் லைப்ரரியை எந்த மொழியில் எழுதுவது? வேகத்தை வைத்தோ, குழுவுக்குக் கைவந்த மொழியை வைத்தோ பலரும் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் கணக்கில் வர வேண்டியவைதான். ஆனால் அதற்கு முன்பே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. விவரக்குறிப்பு வாய் திறக்காத இடங்களிலெல்லாம் முதல் லைப்ரரியின் மொழி தானே முடிவெடுத்துவிடும். அந்த முடிவுகளோடு கோப்புகள் வெளியே போய்விட்டால், பிறகு அவற்றைத் திரும்பப் பெற முடியாது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். "தமிழ்" என்ற சொல்லின் நீளம் என்ன? பைத்தானும் ஜாவாவும் 5 என்கின்றன. கோலாங்கும் ரஸ்ட்டும் 15 என்கின்றன. ஸ்விஃப்ட் 3 என்கிறது. ஐந்துமே சரிதான். பைத்தான் எண்ணுவது யூனிகோடு குறியீடுகளை: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஜாவா எண்ணுவது 16 பிட் அலகுகளை; இந்தச் சொல்லுக்கு இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. கோலாங்கும் ரஸ்ட்டும் யூடிஎஃப்-8 என்ற குறிமுறையின் பைட்டுகளை எண்ணுகின்றன. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஸ்விஃப்ட் கண்ணுக்குத் தெரிகிற எழுத்துகளை எண்ணுகிறது.

இப்போது உங்கள் விவரக்குறிப்பில் "முதலில் நீளம், அடுத்து ஸ்ட்ரிங்" என்று மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் லைப்ரரியைப் பைத்தானில் எழுதியவர் 5 என்று எழுதுவார். ஜாவாக்காரர் அதை அப்படியே படித்துவிடுவார். எல்லா டெஸ்ட்டும் தேறும். என்றைக்கோ ஒருநாள் ஒரு இமோஜி வரும். அது பைத்தானுக்கு 1, ஜாவாவுக்கு 2. அன்றைக்கு அந்தக் கோப்பில் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லாப் புலங்களும் இடம் மாறிப்போகும். ஒரே மாதிரி யோசிக்கும் இரண்டு மொழிகளில் சோதிப்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இதைவிடச் சிறிய எடுத்துக்காட்டு கிடையாது.

முதலில் வடிவத்தின் முடிச்சுகளைக் குறியுங்கள்

மொழிகளை ஒப்பிட உட்காருவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் வடிவத்தின் ஒவ்வொரு புலத்தையும் எழுதுங்கள். பக்கத்திலேயே நான்கு விஷயங்கள் வேண்டும்: வகை, மிகச் சிறிய மதிப்பு, மிகப் பெரிய மதிப்பு, அந்த எல்லைக்கு வெளியே ஒன்று வந்தால் என்ன செய்வது. நான்காவது கட்டம்தான் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். அது காலியாக இருக்கும் புலங்களே உங்கள் முடிச்சுகள்.

முழு எண்களில் தொடங்குங்கள். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 64 பிட் மிதவை எண்தான் (தசமப் புள்ளியுள்ள எண்களுக்கான வகை). அதனால் 9007199254740991 வரைதான் முழு எண்களைத் துல்லியமாகப் பிடிக்கும். 9007199254740993 என்று ஜேசான் என்ற உரை வடிவத்தில் எழுதி ஜாவாஸ்கிரிப்டின் இயல்பான பார்சரிடம் (தரவைப் படித்துப் பிரிக்கும் நிரல்) கொடுத்தால் 9007199254740992 திரும்பி வரும். பிழை அறிவிப்பு எதுவும் வராது. அடையாள எண்களில் இது நடந்தால் ஒருவரின் பதிவு இன்னொருவரின் பதிவாகிவிடும். இதற்காகத்தான் ட்விட்டர் 2010-இல் 64 பிட் அடையாள எண்ணோடு, அதையே ஸ்ட்ரிங்காகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது. கூகுளின் தரவு வடிவமான புரோட்டோபஃபின் ஜேசான் வடிவமும் 64 பிட் முழு எண்களை ஸ்ட்ரிங்காகவே எழுதுகிறது. 2020-க்குப் பிறகு ஜாவாஸ்கிரிப்டில் பெரிய முழு எண்களுக்கான பிக்இன்ட் இருக்கிறது, ஆனால் சாதாரண எண்ணும் பிக்இன்ட்டும் ஒரே கணக்கில் கலக்காது. ஆக, உங்கள் லைப்ரரி எதைத் திருப்பித் தரும் என்பதை முதல் நாளே முடிவுசெய்ய வேண்டும்.

ஜாவாவின் சிக்கல் வேறு. அதன் பைட் -128 முதல் 127 வரைதான் போகும். கோப்பில் 200 என்று இருக்கும் பைட்டை நேரடியாகப் படித்தால் -56 கிடைக்கும். 255-ஓடு பிட் வாரியாக "அண்ட்" செய்தால் 200 திரும்பிவிடும். ஓர் இடத்தில் மறந்தாலும் பிழை. குறியில்லா (எதிர்மறை மதிப்பே இல்லாத) 32 பிட் எண்ணை 64 பிட் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். குறியில்லா 64 பிட் எண்ணுக்கு அடுத்த பெட்டி கிடையாது. ஜாவா 8-இல் வந்த குறியில்லா ஒப்பீட்டுச் செயற்கூறுகளைத்தான் நம்ப வேண்டும். உங்கள் வடிவத்துக்குக் குறியில்லா 64 பிட் உண்மையிலேயே வேண்டுமா என்று இந்த இடத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். 63 பிட் போதும் என்றால் பாதித் தலைவலி அங்கேயே தீர்ந்துவிடும்.

மாறும் நீள எண்களை (மதிப்புக்கேற்பப் பைட் எண்ணிக்கை மாறுபவை) வைத்திருந்தால் இன்னொரு முடிச்சும் உண்டு. புரோட்டோபஃப் முறையில் 300 என்பது 172, 2 என்ற இரண்டு பைட். ஆனால் 172, 130, 0 என்று மூன்று பைட்டாக எழுதினாலும் அதே 300 வரும். இரண்டாவதை ஏற்பதா, மறுப்பதா? விவரக்குறிப்பு சொல்லாவிட்டால் ஒரு லைப்ரரி ஏற்கும், இன்னொன்று மறுக்கும். கோப்பின் மேல் டிஜிட்டல் கையொப்பம் போடுகிறவர்கள் இதில் கண்டிப்பாக மாட்டிக்கொள்வார்கள்.

ஸ்ட்ரிங்கில் மூன்று வரி எழுதிவிட்டால் தொல்லை பெரும்பாலும் தீரும்: நீளம் என்றால் பைட் எண்ணிக்கை, குறிமுறை யூடிஎஃப்-8 மட்டும், செல்லாத பைட் வரிசை வந்தால் பிழை. மூன்றாவது வரி ஏன்? ஜேசானில் ஜோடியில்லாத அரைக் குறியீடு (இமோஜி போன்றவற்றைக் குறிக்கும் இரண்டு 16 பிட் அலகுகளில் ஒன்று மட்டும்) ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். பைத்தான் ஏற்றுக்கொள்ளும், ஆனால் அதை யூடிஎஃப்-8 ஆக எழுதப் போனால் பிழை காட்டும். கோலாங் சத்தமில்லாமல் அதை மாற்றுக் குறியாக ஆக்கிவிடும். ரஸ்ட்டில் பரவலாகப் பயன்படும் ஜேசான் லைப்ரரி படிக்கும்போதே மறுக்கும். ஜாவாவின் பழைய டேட்டா அவுட்புட் வழியைத் தெரியாமல் கையாண்டால் இமோஜிக்கு 4 பைட்டுக்குப் பதில் 6 பைட் எழுதிவைக்கும், நீளமும் 65535 பைட்டைத் தாண்டாது. அது யூடிஎஃப்-8 மாதிரி தெரியும், ஆனால் யூடிஎஃப்-8 இல்லை.

தமிழர்கள் நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஒன்று இன்னும் இருக்கிறது. "கொ" என்ற எழுத்தை ககரமும் ஒகரக் குறியுமாக 6 பைட்டில் எழுதலாம். ககரம், எகரக் குறி, கால் என்று பிரித்து 9 பைட்டிலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஸ்விஃப்ட் இரண்டையும் சமம் என்று சொல்லும், மற்ற மொழிகள் இயல்பாக வேறு என்று சொல்லும். இந்த இரண்டும் ஒரே பட்டியலில் இரண்டு கீயாக (மதிப்பைத் தேட உதவும் பெயராக) வந்தால், ஸ்விஃப்ட் லைப்ரரியில் ஒன்று காணாமல் போகும். வடிவத்தின் மட்டத்தில் "கீ சமமா என்பது பைட் ஒப்பீடு" என்று எழுதிவையுங்கள். எழுத்து வடிவத்தை ஒருமைப்படுத்துவது செயலியின் வேலை, வடிவத்தின் வேலை இல்லை.

மிதவை எண்களில் கவனிக்க வேண்டியது, எண்ணே அல்லாத "நேன்" மதிப்பு. ஜேசானில் அதற்கு இடமே கிடையாது. ஆனாலும் பைத்தான் இயல்பாக அதை அப்படியே எழுதிவைக்கும், ஜாவாஸ்கிரிப்ட் "நல்" என்று மாற்றும், கோலாங் பிழை தரும். உரை வடிவம் என்றால் இன்னொன்று: சி மொழியின் எண் அச்சிடும் செயற்கூறுகள் கணினியின் வட்டார அமைப்பைப் பார்க்கும், சில அமைப்புகளில் 1.5 என்பது 1,5 என்று வெளியே போகும். 64 பிட் மிதவை எண் இழப்பில்லாமல் போய்வர 17 இலக்கங்கள் போதும். ஆனால் சி-யின் இயல்பான அச்சு புள்ளிக்குப் பின் 6 இலக்கங்களோடு நின்றுவிடும்.

கீகளின் வரிசையும் மொழிக்கு மொழி மாறும். கோலாங் தன் மேப்பை (கீ, மதிப்பு ஜோடிகளின் தொகுப்பை) ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே கலைத்துத் தருகிறது. பைத்தான் 3.7 முதல் சேர்த்த வரிசையைக் காப்பாற்றுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் சேர்த்த வரிசையைக் காப்பதுபோலத் தோன்றினாலும், "10", "2" என்று முழு எண் போன்ற கீகள் இருந்தால் 2-ஐ முன்னால் கொண்டுவந்துவிடும். வரிசைக்கு உங்கள் வடிவத்தில் பொருள் உண்டென்றால் மேப் வேண்டாம், ஜோடிகளின் பட்டியலாக வடிவமையுங்கள். ஒரே தரவு எப்போதும் ஒரே பைட்டுகளாக வர வேண்டும் என்றால், வரிசைப்படுத்தும் விதியையும் சேர்த்து எழுதுங்கள். ஜேசானுக்கான இணைய ஆவணமான ஆர்எஃப்சி 8785, கீகளை 16 பிட் அலகுகளின்படி வரிசைப்படுத்தச் சொல்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் வழக்கத்தை வெளிப்படையாகவே விதியாக்கிவிட்டது. சிபோர் என்ற பைனரி வடிவத்தின் ஆர்எஃப்சி 8949, குறியிட்ட பைட்டுகளின்படி வரிசைப்படுத்தச் சொல்கிறது. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எழுதி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீளப் புலம்: மொழியின் குணம் தெரியும் இடம்

மற்ற முடிச்சுகளைவிட இதில் அதிக நேரம் செலவிடுங்கள். கெட்ட எண்ணத்தோடு ஒருவர் தயாரித்த கோப்பு உங்கள் பார்சரிடம் வரும்போது மொழி எப்படி நடந்துகொள்கிறது என்பது இங்கேதான் தெரியும்.

40 பைட் கொண்ட ஒரு கோப்பு. 20-ஆவது பைட் வரை படித்துவிட்டீர்கள். அடுத்த ஸ்ட்ரிங்கின் நீளம் 4294967290 என்று கோப்பு சொல்கிறது. "இருக்கும் இடம் கூட்டல் நீளம், மொத்த அளவுக்குள் இருக்கிறதா" என்று சோதிக்கிறீர்கள். குறியில்லா 32 பிட் கணக்கில் 20 + 4294967290 என்பது சுற்றிக்கொண்டு 14 ஆகிவிடும். 14 என்பது 40-க்குள்தான். சோதனை தேறியது!

இனி ஒவ்வொரு மொழியும் தன் வழியில் போகும். சி மொழியில் நான்கு கோடிக்கு நூறு மடங்கு பைட்டுகளை நகலெடுக்கப் போய், உங்களுக்குச் சொந்தமில்லாத நினைவகத்தைப் படிக்கும். ஜாவாவில் நீளத்தை 32 பிட் எண்ணாகப் படித்தால் -6 வரும், கூட்டினால் அதே 14, பிறகு -6 அளவுள்ள அணியை உருவாக்கப் போய் விதிவிலக்கு வீசும். ரஸ்ட் சோதனைக் கட்டமைப்பில் கூட்டும்போதே நின்றுவிடும்; வெளியீட்டுக் கட்டமைப்பில் கூட்டல் சுற்றிக்கொள்ளும், ஆனால் 20-இலிருந்து 14 வரை துண்டு வெட்டும்போது நிற்கும். பைத்தானில் எண் சுற்றாது. ஆனால் சோதிக்க மறந்துவிட்டால், துண்டு வெட்டும் குறியீடு எஞ்சியிருக்கும் 20 பைட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ஜாவாஸ்கிரிப்டின் துணை அணியும் அப்படியே. முறிந்த கோப்பைச் சரியான கோப்பு என்று நம்பும் இந்த வகைப் பிழை, நின்றுபோவதைவிடக் கண்டுபிடிக்கக் கடினம்.

எந்த மொழியானாலும் சரியான சோதனை ஒன்றுதான்: நீளத்தைக் குறியில்லா எண்ணாகவே வைத்துக்கொண்டு, மொத்தத்திலிருந்து இருக்கும் இடத்தைக் கழித்து, எஞ்சியதைவிட நீளம் பெரிதா என்று பாருங்கள். கழித்தலில் சுற்றாது. இந்த வரியை விவரக்குறிப்பிலேயே எழுதுங்கள். 2014-இல் வெளிவந்த, ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் ஹார்ட்பிளீட் ஓட்டை, வந்த செய்தி சொன்ன நீளத்தை உண்மையான அளவோடு ஒப்பிடாததால் வந்ததுதான்; ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகம் வெளியே கசிந்தது.

அடுக்கின் ஆழமும் இதே குடும்பம். சிபோரில் 129 என்ற பைட்டுக்கு "ஒரே உறுப்புள்ள பட்டியல்" என்று பொருள். ஒரு லட்சம் 129-களை வரிசையாக வைத்தால் ஒரு லட்சம் அடுக்குள்ள கோப்பு தயார். அளவோ சுமார் 100 கிலோபைட்தான். தன்னைத்தானே அழைக்கும் பார்சர் எழுதியிருந்தால் பைத்தான் இயல்பாக 1000 அடுக்கில் பிடிக்கக்கூடிய பிழையைத் தரும். ஜாவாவிலும் பிடிக்கலாம். ரஸ்ட்டில் அடுக்கு நினைவகம் தீர்ந்தால் முழுச் செயலியும் விழும், பிடிக்க வழியில்லை. எல்லை ஒன்றை வையுங்கள்: புரோட்டோபஃபின் சி++, ஜாவா லைப்ரரிகளின் இயல்பு எல்லை 100; ரஸ்ட்டின் ஜேசான் லைப்ரரியில் 128. இதற்கு அருகில் எது வைத்தாலும் சரி, எல்லா மொழியிலும் ஒரே எண்ணாக இருக்கட்டும்.

எந்த மொழி எதற்கு

உங்கள் முடிச்சுப் பட்டியல் இப்போது கையில் இருக்கிறது. இனி மொழிகளைப் பார்க்கலாம்.

ரஸ்ட்: பைனரி வடிவங்களின் முதல் லைப்ரரிக்கு எங்கள் பரிந்துரை இதுதான். 8 முதல் 64 பிட் வரை குறியுள்ள, குறியில்லா எண்கள் தனித்தனி வகைகள். எண்ணைப் பைட்டிலிருந்து எடுக்கும்போது எந்தப் பைட் வரிசை (பெரிய பைட் முன்னாலா, சிறிய பைட் முன்னாலா) என்ற தேர்வு கண்ணில் படும்படியே செயற்கூறின் பெயர் இருக்கிறது. ஸ்ட்ரிங் என்றால் செல்லுபடியாகும் யூடிஎஃப்-8 என்பதை வகையே உறுதிசெய்கிறது. முடிச்சு வரும் இடத்திலெல்லாம் மொழி உங்களை நிறுத்தி "என்ன செய்யட்டும்?" என்று கேட்கும்; அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றும் விவரக்குறிப்பில் ஒரு வரியாக வேண்டும். குறை: அந்த மொழி தெரியாதவர்களுக்கு வாழ்நாள் குறியீடுகளும் மேக்ரோக்களும் நிறைந்த கோட் புரியாது. முன்மாதிரி லைப்ரரியை மற்ற மொழிக்காரர்கள் படித்துத்தான் தங்கள் மொழிக்குக் கொண்டுபோவார்கள், ஆகவே நேரடியான, எளிய நிரலாக எழுதுங்கள்.

கோலாங்: படிக்க எளிது. அந்த மொழி தெரியாதவரும் அரை நாளில் பின்தொடர்ந்துவிடலாம். எண் வகைகள் தெளிவு. கவனிக்க வேண்டியது அதன் ஜேசான் லைப்ரரியின் இரண்டு பழக்கங்கள்: வகை குறிப்பிடாத எண்ணை 64 பிட் மிதவையாக ஆக்கிவிடும், புலப் பெயர்களைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காமல் பொருத்திவிடும். ஸ்ட்ரிங்கில் செல்லாத பைட்டுகளும் இருக்கலாம், நீங்கள்தான் சோதிக்க வேண்டும்.

பைத்தான்: இரண்டாவது லைப்ரரிக்கு அருமையான மொழி. முதலாவதாக எழுதினால் எல்லையில்லா முழு எண்கள் உங்களை ஏமாற்றிவிடும். 64 பிட்டைத் தாண்டிய எண்ணை எழுதியும் உங்களுக்குத் தெரியாது. பைட் கட்டும் நிலையான தொகுதியில் குறி எதுவும் போடாவிட்டால் கணினியின் சொந்த அளவுகளையும் இடைவெளிகளையும் எடுத்துக்கொள்ளும். ஒரு பைட்டும் ஒரு 32 பிட் எண்ணும் சேர்ந்து 5-க்குப் பதில் 8 பைட் ஆகிவிடும். வடிவச் சரத்தின் தொடக்கத்தில் "<" அல்லது ">" குறியைப் போட்டால் 5 ஆகும். எழுதப்பட்ட கோப்பு 8, 16 என்று வழக்கத்தைவிட வட்டமான அளவுகளில் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட்: உலாவியில் திறக்க வேண்டிய எந்த வடிவத்துக்கும் இது தவிர்க்க முடியாதது. அதனால்தான் சீக்கிரமே எழுதிப் பார்த்துவிட வேண்டும். பிட் கணக்குகள் குறியுள்ள 32 பிட்டில் நடக்கின்றன. 1-ஐ 31 இடம் இடப்பக்கம் தள்ளினால் -2147483648 வரும். மாறும் நீள எண்ணைப் பிட் தள்ளிச் சேர்க்கிறவர்கள் ஐந்தாவது பைட்டில் இடறுவது இதனால்தான்.

சி: நுண்கட்டுப்படுத்திகளுக்கும், ஏற்கெனவே சி-யில் இருக்கும் பெரிய அமைப்புகளுக்கும் இன்றும் இதுதான் வழி. எந்த மொழியும் சி-யை அழைக்கும் என்பது பெரிய பலம். விலையும் பெரிது. நினைவகத்தில் இருக்கும் "ஸ்ட்ரக்ட்" அமைப்பை நேரடியாகக் கோப்பில் கொட்டும் பழக்கத்தை மட்டும் முதல் நாளே கைவிட்டுவிடுங்கள்: இடைவெளி பைட்டுகள், பைட் வரிசை, "லாங்" எண்ணின் அளவு மூன்றும் உள்ளே போய்விடும். அந்த "லாங்" 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். ஒரு பைட் ஒரு பைட்டாக எடுத்து, தள்ளிச் சேர்த்து எண்ணாக்குங்கள். இன்றைய கம்பைலர்கள் அதை ஒரே கட்டளையாகச் சுருக்கிவிடுகின்றன.

ஜாவா, சி# இரண்டும் நிறுவனப் பயன்பாட்டில் நிறைந்திருக்கின்றன. சி#-இல் குறியில்லா எண்கள் உண்டு என்பதால் இந்த வேலைக்கு அது சற்று வசதி. இரண்டிலும் ஒரு அணியின் நீளம் சுமார் 200 கோடி உறுப்புகளைத் தாண்டாது. உங்கள் வடிவத்தில் ஒரு துண்டு 2 ஜிகாபைட்டைத் தாண்டலாம் என்றால் அவற்றில் துண்டு துண்டாகப் படிக்கும் வழியை முதலிலிருந்தே வைக்க வேண்டும்.

இரண்டு மொழி, எதிரெதிர் குணம்

முதல் லைப்ரரி பாதியில் இருக்கும்போதே இரண்டாவதைத் தொடங்குங்கள். முடிந்தபிறகு என்று தள்ளிவைத்தால் விவரக்குறிப்பை மாற்ற யாருக்கும் மனம் வராது. இரண்டாவது மொழி முதலாவதற்கு எதிர்க் குணமுள்ளதாக இருக்க வேண்டும்: ஒன்றில் எண்களுக்கு அளவு உண்டென்றால் மற்றதில் இல்லாமல், ஒன்றில் ஸ்ட்ரிங் பைட்டென்றால் மற்றதில் வேறாக. பைனரி வடிவத்துக்கு ரஸ்ட்டும் பைத்தானும், வலையில் போய்வரும் உரை வடிவத்துக்குக் கோலாங்கும் ஜாவாஸ்கிரிப்டும் நல்ல ஜோடிகள். சி-யும் சி++-உம் ஒரு ஜோடியே ஆகாது. ஒரே தவறை இரண்டு முறை செய்வீர்கள். புரோட்டோபஃப் 2008-இல் பொதுவுக்கு வந்தபோதே சி++, ஜாவா, பைத்தான் என்று மூன்று வெவ்வேறு குணமுள்ள மொழிகளில் வந்தது. மெசேஜ்பேக் என்ற பைனரி வடிவத்தின் ஆரம்ப விவரக்குறிப்பில் உரைக்கும் வெறும் பைட்டுகளுக்கும் ஒரே வகைதான் இருந்தது. இரண்டையும் கண்டிப்பாகப் பிரிக்கும் மொழிகளில் எதை எப்படித் திருப்பித் தருவது என்று தெரியவில்லை. 2013-இல் தனி வகை சேர்க்க வேண்டியதாயிற்று.

இரண்டாவதை எழுதுகிறவர் முதல் லைப்ரரியின் நிரலைப் பார்க்கக் கூடாது, விவரக்குறிப்பை மட்டுமே பார்க்க வேண்டும். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் விவரக்குறிப்பில் ஓர் ஓட்டை. வாய்மொழியாகப் பதில் சொல்லாமல், பதிலை ஆவணத்தில் எழுதிவிட்டு அந்த வரியைக் காட்டுங்கள்.

ஒரே மையமா, மொழிக்கொரு லைப்ரரியா

ரஸ்ட்டிலோ சி-யிலோ ஒரு மையத்தை எழுதி, மற்ற மொழிகளிலிருந்து அதை அழைப்பது ஒரு வழி. எஸ்க்யூலைட் தரவுத்தளம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சி-யில் ஒரே மையம், அதன் கோப்பில் எண்கள் எல்லாக் கணினியிலும் பெரிய பைட் முன்னால், எல்லா மொழிக்கும் இணைப்பு உண்டு. எழுதும் விதிகள் சிக்கலாகவும் மாறிக்கொண்டும் இருந்தால் இந்த வழி நல்லது. எப்போது வலிக்கும் என்றால், ஒவ்வொரு இயக்கமுறைமைக்கும் செயலி வகைக்கும் தனித்தனியாகக் கட்டித் தர வேண்டியிருக்கும். கோலாங்கிலிருந்து சி-யை அழைத்தால் அதன் எளிய குறுக்குக் கட்டமைப்பு வசதி போய்விடும். உலாவிக்குள் இந்த மையத்தை ஓடவைக்க வெப்அசெம்பிளி வேண்டும். ஒரு புலத்துக்கு ஒருமுறை எல்லையைத் தாண்டி அழைத்தால் வேகமும் போய்விடும். முழு பஃபரையும் ஒரே அழைப்பில் கொடுத்து முடிவை ஒரே துண்டாக வாங்குங்கள். நினைவகத்தை ஒதுக்கிய பக்கமே விடுவிக்க வேண்டும் என்ற விதியை எழுதிவையுங்கள்.

விவரக்குறிப்பு 20 பக்கத்துக்குள் அடங்கினால் மொழிக்கொரு லைப்ரரியே மேல். அந்தந்த மொழிக்காரர்கள் கூடுதல் கருவி எதுவும் இல்லாமல் நிறுவுவார்கள், பிழை வந்தால் தாங்களே திருத்துவார்கள். வடிவம் நிலையானது, படித்தால் மட்டும் போதும் என்றால் கைடாய் ஸ்ட்ரக்ட் போன்ற விவரிப்பு மொழியில் ஒருமுறை எழுதிப் பல மொழிகளுக்குப் பார்சரை உருவாக்கிக்கொள்ளலாம்.

முடிவெடுக்கும் முன் இரண்டு நாள் சோதனை

தாளில் இரண்டு மொழிகள் சமமாக நின்றால் வாதாடாதீர்கள். ஒவ்வொன்றிலும் மூன்று துண்டுகளை மட்டும் எழுதுங்கள்: உங்கள் வடிவத்தின் மிகப் பெரிய முழு எண்ணைப் படித்து எழுதுவது, நீளத்தோடு வரும் ஸ்ட்ரிங்கைச் சரிபார்த்துப் படிப்பது, ஆழ எல்லையோடு அடுக்குப் பட்டியலைப் படிப்பது. மொழிக்கு ஒரு நாள் போதும். முடிந்ததும் வரிகளை எண்ண வேண்டாம். மொழியோ அதன் நிலையான லைப்ரரியோ உங்களைக் கேட்காமல் முடிவெடுத்த இடங்களை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை குறைந்த மொழி முதல் லைப்ரரிக்கு, கூடிய மொழி இரண்டாவதற்கு. வெளி லைப்ரரி எத்தனை தேவைப்பட்டது என்றும் பாருங்கள். பூஜ்யம்தான் இலக்கு, இரண்டைத் தாண்டினால் யோசிக்க வேண்டும்.

சோதனைக் கோப்புகள்

எந்த மொழியைத் தேர்ந்தெடுத்தாலும் லைப்ரரிக்கு வெளியே, தனிக் களஞ்சியத்தில் சோதனைக் கோப்புகளை வையுங்கள். சரியான கோப்பு ஒவ்வொன்றுக்கும் அருகில் எதிர்பார்க்கும் மதிப்பு, தவறான கோப்பு ஒவ்வொன்றுக்கும் அருகில் எதிர்பார்க்கும் பிழையின் பெயரும் அது தெரியவேண்டிய பைட் இடமும். எதிர்பார்க்கும் மதிப்பை ஜேசானில் எழுதினால் எல்லா எண்களையும் ஸ்ட்ரிங்காக எழுதுங்கள், இல்லாவிட்டால் சோதனையே 9007199254740993 பள்ளத்தில் விழும்.

எண்களுக்கு எல்லைகளின் இரு பக்கமும் வேண்டும்: 0, 127, 128, 255, 256, 65535, 65536, பிறகு 32 பிட், 53 பிட், 63 பிட், 64 பிட் எல்லைகள். ஸ்ட்ரிங்குகளுக்கு வெற்று ஸ்ட்ரிங், பூஜ்ய எழுத்து நடுவில் உள்ளது, "தமிழ்", "கொ" இரண்டு வடிவிலும், ஓர் இமோஜி, பாதியில் முறிந்த யூடிஎஃப்-8.

அடுத்து, சரியான கோப்பு ஒன்றை எடுத்து ஒவ்வொரு பைட்டிலும் வெட்டுங்கள். 40 பைட் கோப்பிலிருந்து, வெற்றுக் கோப்பையும் சேர்த்து 40 குறைக் கோப்புகள் கிடைக்கும். நாற்பதுக்கும் பிழை வர வேண்டும், ஒன்றுகூட நிற்கவோ தேறவோ கூடாது. பைத்தானின் மௌனத் துண்டு வெட்டல் இருக்கும் இடமெல்லாம் இந்தச் சோதனையில் வெளியே வந்துவிடும். பிறகு ஒவ்வொரு பிட்டையும் புரட்டினால் 320 கோப்புகள். இவற்றில் சில தேறலாம், ஆனால் இரண்டு லைப்ரரிகளும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். அதற்கும் மேல் தாறுமாறான உள்ளீட்டுச் சோதனை: கோலாங்கில் 1.18 முதல் உள்ளேயே இருக்கிறது, ரஸ்ட்டுக்குக் கார்கோ ஃபஸ், சி-க்கு ஏஎஃப்எல்++, பைத்தானுக்கு அத்தெரிஸ். இரவு முழுக்க ஓடவிட்டு, சிக்கிய ஒவ்வொரு கோப்பையும் களஞ்சியத்தில் சேருங்கள்.

கடைசியாகச் சுற்றுச் சோதனை: முதல் லைப்ரரி எழுதியதை இரண்டாவது படித்து, திரும்ப எழுதி, முதலாவது பைட் பைட்டாக ஒப்பிட வேண்டும். வேறுபாடு வந்தால் நிரலைத் தொடாதீர்கள். விவரக்குறிப்பைத் திறந்து, அந்த இடத்தில் அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். எதுவும் சொல்லவில்லை என்றால் முதலில் அந்த வரியை எழுதுங்கள், அடுத்து அதற்கொரு சோதனைக் கோப்பு, அதன்பிறகு தப்பாக நடந்த லைப்ரரியைத் திருத்துங்கள். அது முதல் லைப்ரரியாகவே இருந்தாலும்.